கனவில் ஓங்கிய கை

உறக்கத்தில் ஒருவர் கத்தி, உதைத்து, கட்டிலிலிருந்து விழுந்தால், "கெட்ட கனவு, திருநீறு பூசிக்கொண்டு படுங்கள்" என்று சொல்லி விட்டுவிடுவோம். ஐம்பதைக் கடந்தவருக்கு அது அடிக்கடி நேர்ந்தால், அப்படி விட்டுவிடக் கூடாது என்பதே ஆராய்ச்சி இன்று சொல்லும் செய்தி.

கண்கள் விரைந்து அசையும், கனவு மிகுந்த ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. 1965இல் பிரான்சின் லியோன் நகரில் ஆய்வாளர் மிஷேல் ஷுவே பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்தபோது, அவை உறங்கியபடியே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. அதே கட்டு மனிதரிடம் அவிழ்வதை 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மருத்துவர்கள் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் தனி நோயாக விவரித்தனர். ரெம் உறக்க நடத்தைக் கோளாறு என்பது அதன் பெயர். பத்தாண்டு கழித்து அவர்கள் தொடர்ந்து கவனித்த 29 ஆண்களில் 38 சதவீதத்தினருக்கு நடுக்குவாத (பார்க்கின்சன்) அறிகுறிகள் வந்திருந்தன. 2019இல் 24 மையங்களின் 1,280 நோயாளிகளை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு, 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 73 சதவீதத்தினருக்கு நடுக்குவாதமோ அதைச் சார்ந்த மறதிநோயோ வரக்கூடும் என்று கணித்தது.

இந்த எண்ணைப் படித்துவிட்டு உறக்கத்தில் உளறுவோர் எல்லாம் அஞ்சத் தேவையில்லை. அது உறக்க மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கண்ட எண். அங்கு வருவோர் பெரும்பாலும் ஆண்கள். அடி பலமாக விழுந்த பிறகே வருபவர்கள். ஆனால் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரப் பொதுமக்களிடம் நடத்திய ஆய்வில் சுமார் 1 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருந்தது, ஆண் பெண் வேறுபாடும் தெரியவில்லை. சில மனச்சோர்வு மருந்துகளும் இதைத் தூண்டும். குறட்டையோடு மூச்சுத் தடைபடுவதும் இதுபோலவே தோற்றம் காட்டும். இரவு முழுவதும் காணொளியோடு உறக்கத்தைப் பதிவுசெய்து பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது.

இப்போது ஆய்வின் போக்கு, நடுக்குவாதத்தில் மூளையில் படியும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதத்தின் பிறழ்ந்த வடிவத்தைத் தண்டுவட நீரில் முன்கூட்டியே கண்டறிவதை நோக்கி நகர்கிறது. நோயைத் தடுக்கும் மருந்துச் சோதனைகளுக்கு ஏற்றவர்கள் இக்கோளாறு உள்ளவர்களே என்பதால் அந்த வேகம் நியாயமானதுதான். எனினும் தடுக்கும் மருந்து இன்னும் கையில் இல்லை. இப்போது கொடுக்கப்படும் மெலட்டோனினும் குளோனசெபாமும் இரவின் ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, நோயை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை. இந்நிலையில் எதிர்காலத்தை நோயாளியிடம் சொல்லலாமா என்று மருத்துவர்கள் வாதிடுகிறார்கள். மறைப்பது தவறு, ஆனால் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்காமல் சொல்வதும் தவறு என்பது என் கருத்து. அந்தக் கேள்வியை மனைவியிடமும் தனியே கேட்க வேண்டும். கணவருக்குப் பெரும்பாலும் நினைவில்லாத இரவுகளை மருத்துவரிடம் விவரித்தவர் அவர்தானே.