நூற்றுப் பதினெட்டு ரூபாய்ச் சாப்பாடு

(2017 நவம்பர் மூன்றாம் வாரம், கோவில்பட்டி. ஓட்டல் கல்லாப்பெட்டியின் முன்னால் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், பில்லை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்தபடி நிற்கிறார்.)

வாத்தியார்: அண்ணாச்சி, ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12 என்றிருந்த வரியை, கௌகாத்தியில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் நவம்பர் 15 முதல் இரண்டுக்குமே 5 சதவீதமாக்கிவிட்டது என்று பேப்பரில் படித்துவிட்டுத்தான், வீட்டில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தையும் உதறிவிட்டு இங்கே வந்தேன்.

அண்ணாச்சி: பில்லிலும் 5 சதவீதம்தான் இருக்கிறது சார். மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை.

வாத்தியார்: போன வாரம் வரியோடு 118 ரூபாய் கொடுத்தேன். இன்றைக்கும் அதே 118 எப்படி வந்தது?

அண்ணாச்சி: போன வாரம் சாப்பாடு 100 ரூபாய், இப்போது 112. கடை வாடகைக்கும் ஏசி மெஷினுக்கும் நாங்கள் கட்டிய வரியை முன்பெல்லாம் உங்களிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொண்டோம். வரியைக் குறைத்த கையோடு அந்தக் கழிவையும் பிடுங்கிவிட்டார்கள்.

வாத்தியார்: ஏசி மெஷினையா நான் பிசைந்து சாப்பிட்டேன்? ஜூலையிலிருந்து கீழே மின்விசிறிக்கு அடியில் வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டுவிட்டு, மாடியில் யாரோ குளிர்காய்ந்ததற்கு 18 சதவீதம் கட்டியவன் நான்.

அண்ணாச்சி: கடையில் ஒரு மூலையில் ஏசி இருந்தாலும் கடை முழுவதற்கும் 18, பார்சலுக்கும் 18 என்பது அவர்கள் போட்ட விதி சார்.

வாத்தியார்: ஏசி அறையை எட்டிக்கூடப் பார்க்காத பார்சல் இட்லியும் கட்டியதா? அது போகட்டும். மார்க்கா இல்லாத அரிசிக்கும் கத்தரிக்காய்க்கும் தயிருக்கும் வரியே கிடையாது. என் இலையில் விழுந்த எதற்கு நீங்கள் வரி கட்டினீர்கள்?

அண்ணாச்சி: அப்பளம்...

வாத்தியார்: கடையில் வாங்கும் அப்பளத்துக்கும் கிடையாது. தவிர, நீங்கள் எனக்கு அப்பளமே வைக்கவில்லை.

அண்ணாச்சி: (சர்வரை முறைத்துவிட்டு) சில்லறையாக இருந்தால் கொடுங்கள் சார்.

வாத்தியார்: 112-க்கு வரி 5 ரூபாய் 60 காசு, ஆக மொத்தம் 117 ரூபாய் 60 காசு. அரசாங்கம் வரியைக் குறைத்ததில் எனக்கு மிஞ்சிய 40 காசையும் ரவுண்டு செய்துவிட்டீர்களே!

அண்ணாச்சி: 50 காசுக்குக் கீழே இருந்த நாணயங்களை 2011-லேயே செல்லாததாக்கிவிட்டார்களே, நான் எங்கே போவேன்?

வாத்தியார்: நாணயம் வேண்டாம். அந்த அப்பளத்தில் 40 காசுக்கு ஒரு விள்ளல் உடைத்துக் கொடுங்கள்.