ஒளிவாளைக் கீழே வைங்கண்ணே

சனிக்கிழமை என்ன நடந்தது என்று இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். காணொளியும் சுற்றி முடித்துவிட்டது. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சிங்கப்பூரில், ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்து வரும் கணினி ஆட்டங்களைப் பற்றி "வராமலே போன ஸ்டார் வார்ஸ் ஆட்டங்கள்" என்று தலைப்பு போட்டு ஒரு கூட்டம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, அந்தப் படங்களில் வரும் ஜாவாக்கள் என்ற பழைய சாமான்காரர்களை வைத்து ஓர் ஆட்டம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் நெறியாளர் மைக்கை வாங்கி, "எல்லாம் சரிம்மா, ஒளிவாள் எங்க?" என்றார். ஜெடை வீரர்கள் கையில் ஒளிருமே, அந்த வாள். அரங்கமே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு நெறியாளர் போட்ட விளக்கத்தைப் படித்தபிறகு விட முடியவில்லை. "ஒளிவாள் இல்லாத ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தை யாரும் வாங்க மாட்டாங்க, அதைத்தான் நகைச்சுவையா சொன்னேன்." நகைச்சுவை இருக்கட்டும் அண்ணே. சொன்ன தகவலாவது சரியாக இருக்க வேண்டாமா?

1993இல் எக்ஸ்-விங், 1994இல் டை ஃபைட்டர். இரண்டிலும் நீங்கள் விமானி. லேசருக்கு எவ்வளவு மின்சாரம், கவசத்துக்கு எவ்வளவு, என்ஜினுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். ஒளிவாள் கிடையாது. 1995இல் டார்க் ஃபோர்ஸஸ், கையில் வெறும் துப்பாக்கி. 2005இல் ரிபப்ளிக் கமாண்டோ, அதிலும் இல்லை. 1999இல் எபிசோட் ஒன் ரேசர் என்று ஒரு பந்தய ஆட்டம் வந்ததே, அதை ஏன் அண்ணன் மறந்தார்? அதில் வாட்டோ என்ற வியாபாரியின் பழைய சாமான் கிடங்குக்குப் போய் அடிபட்ட பாகங்களை மலிவாக வாங்கி, குட்டி டிராய்டுகளை, அதாவது ரோபோக்களை, வைத்துச் சரிசெய்து, அடுத்த பந்தயத்துக்கு மாட்டிக்கொண்டு போகலாம். பந்தயத்தின் நடுவிலேயே வேகத்தைக் குறைத்து என்ஜினைப் பழுது பார்க்கலாம். அந்தப் பெண் சொல்ல வந்ததில் பாதி இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே விற்றுத் தீர்ந்த சரக்கு.

அதாவது ஒளிவாள் இல்லாமல் விற்கும். திரும்பவும் சொல்கிறேன், விற்கும். விற்றிருக்கிறது.

ஒளிவாளை எல்லார் கையிலும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற இணைய ஆட்டத்தில் சமையல்காரராக இருக்கலாம், வீடு கட்டுபவராக இருக்கலாம், மதுக்கடையில் நடனமாடிப் பிழைக்கலாம். ஒருவர் தோண்டி எடுத்த தாதுவை இன்னொருவர் வாங்கித் துப்பாக்கி செய்வார், மூன்றாமவர் அதைக் கொண்டுபோய்ச் சண்டை போடுவார். 2005 நவம்பரில் இந்தத் தொழில்களை எல்லாம் ஒன்பதாகச் சுருக்கி, ஜெடையை முதல் நாளே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். 2011 டிசம்பர் 15இல் கடையைச் சாத்தினார்கள். சாத்தியதற்கு உரிமக் கணக்கும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஊர் காலியாகத் தொடங்கிவிட்டது.

"அப்ப 1313 ஏன் வரல? அதுலயும் ஒளிவாள் இல்லையே" என்று, வெளிவராமலே போன ஸ்டார் வார்ஸ் 1313 ஆட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி மாதிரிதான் தெரியும். 2012 ஜூனில் 1313ஐக் காட்டினார்கள், பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அக்டோபர் 30இல் ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2013 ஏப்ரல் 3இல் அதன் ஆட்ட நிறுவனமான லூகாஸ்ஆர்ட்ஸின் ஆட்டம் செய்யும் பிரிவே மூடப்பட்டது. சமையல் நடக்கும்போது வீட்டை விற்றுவிட்டு, குழம்பில் உப்பு இல்லாததால்தான் சாப்பாடு வரவில்லை என்பீர்களா? 2017இல் விசெரல் என்ற ஸ்டூடியோ கையில் இருந்த ஸ்டார் வார்ஸ் ஆட்டமும் அந்த ஸ்டூடியோவை மூடியபோதுதான் போனது. இவை எதுவும் யோசனை தோற்ற கதை இல்லை.

சரி, அந்தப் பெண்ணின் யோசனைக்கு வருகிறேன். யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். அவளிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

முதலில் ஜாவா என்றால் பக்கத்துத் தீவும் இல்லை, கணினி மொழியும் இல்லை. டாட்டூயின் என்ற கிரகத்தின் பாலைவனத்தில் பழுப்பு அங்கிக்குள் இரண்டு கண் மட்டும் மின்னத் திரியும் குட்டி ஆட்கள். சுரங்கக்காரர்கள் கைவிட்டுப் போன ராட்சத வண்டிகளில் குடும்பத்தோடு வாழ்ந்து, உடைந்த டிராய்டுகளைப் பொறுக்கி, ஒட்டுப்போட்டு விற்பவர்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் காராங் குனி, பழைய சாமான்காரர். அந்த வண்டிக்குப் பெயர் சாண்ட்கிராலர்.

அந்தப் பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் லாட வடிவில் பளபளவென்று நிற்கிறதே, அதே பெயர்தான். லூகாஸ்ஃபிலிம் 2014இல் திறந்த கட்டடம். விண்மீன் மண்டலத்தில் வேறு எத்தனையோ பெயர் இருக்க, பழைய சாமான்காரர்களின் வண்டிப் பெயரைத்தான் சிங்கப்பூர்க் கட்டடத்துக்கு வைத்தார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜாவா ஆட்டம் என்றால் சிரிக்கிறோம்.

அவள் இதை வாயால் மட்டும் சொல்ல வரவில்லை. பையில் அட்டைகள் இருந்தன. கூட்டம் முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்து நாலு பேர் ஆடினோம். ஐந்து குவியல்: மோட்டிவேட்டர் (டிராய்டை இயக்கும் பாகம்), மின்கலம், கண், குரல்பெட்டி, சக்கரம். குவியலுக்கு 8 அட்டை, மொத்தம் 40. குவியலுக்கு ஓர் அட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தால் ஒரு டிராய்டு. எது நல்லது, எது பழுது என்று புரட்டினால்தான் தெரியும்.

இரவுக்கு நான்கு மணி நேரம். ஒரு பாகத்தைப் புரட்டிச் சோதிக்க ஒரு மணி. பழுதை மாற்ற ஒரு மணி. வண்டியின் சக்கரப் பட்டைக்கு எண்ணெய் போட ஒரு மணி. எண்ணெய் போடாவிட்டால் காலையில் பகடை உருட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் பட்டை அறுந்து அன்றைய பொழுது போச்சு.

அவளுடைய முதல் வடிவத்தில் எட்டுக்கு இரண்டு அட்டை பழுது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால், ஐந்து பாகமும் நல்லதாக அமைய வாய்ப்பு 24 சதவீதம். நான்கில் மூன்று டிராய்டு குப்பை. ஆடியவர்கள் சோதிப்பதையே நிறுத்திவிட்டு, "எப்படியும் கெட்டதுதான், தள்ளிவிடு" என்று விற்க ஆரம்பித்துவிட்டார்களாம். எட்டுக்கு ஒன்று என்று குறைத்ததும் அது 51 சதவீதம். கிட்டத்தட்ட காசு சுண்டுவது மாதிரி. இப்போது மூன்று பாகத்தைச் சோதித்து நல்லதாக்கிவிட்டால் மீதி இரண்டை நம்பி விற்க 77 சதவீதம் வாய்ப்பு. ஆனால் சோதனைக்கே மூன்று மணி போய்விட்டது. கையில் இருப்பது ஒரு மணி. அதில் கெட்டதை மாற்றுவதா, பட்டைக்கு எண்ணெயா? ஒவ்வொரு இரவும் இதே இழுபறி. ஆட்டம் என்பது இந்த இடம்தான் அண்ணே. மைக் உங்கள் கையில் இருந்ததால் இது வெளியே வரவில்லை.

விற்ற டிராய்டு அடுத்த சுற்றில் பழுதானால் அந்தப் பண்ணையில் உங்கள் பெயர் ஒரு படி இறங்கும், பக்கத்து இரண்டு பண்ணைகளிலும் இறங்கும். வட்டமாக 12 பண்ணைகள். இதில் ஒரு சிக்கல் வந்தது. இரண்டு மோசமான விற்பனை அடுத்தடுத்து விழுந்தால் பாதி வட்டம் கதவைச் சாத்திவிடும், அதற்குமேல் எழவே முடியாது. அதற்கு அவள் கண்ட வழி: திரும்பிப் போய் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தால் பெயர் மீளும், ஆனால் ஒரு பகல் செலவு. 1977 படத்தில் ஆர்5-டி4 என்ற டிராய்டு விற்ற கையோடு மோட்டிவேட்டர் வெடித்துப் புகை விட்டதே, அந்த ஒரு காட்சியிலிருந்து ஒரு பெண் முழு வியாபாரத்தையே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை நினைவிருக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தார்ப்பாய் விரித்து, கடிகாரம், ரேடியோ, சார்ஜர் என்று பரப்பி வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். விற்கிறவர் பேட்டரி போட்டுக் காட்ட மாட்டார், அல்லது போட்டுக் காட்டிவிட்டுப் பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். "நாளைக்குக் கெட்டா எடுத்துட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் வியாபாரம். 2017 ஜூலை 10 கடைசி நாள். அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டு போக இடமில்லை.

எங்கே விட்டேன்? ஆம், எதிர்ப்புகள்.

"யோசனை யாருக்கும் வரும், செய்து காட்டு" என்கிறார்கள். 40 அட்டை செய்து காட்டினாள். நீங்கள்தான் பார்க்கவில்லை.

"பழுது பார்க்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா?" தயவுசெய்து கொஞ்சம் வெளியே வந்து பாருங்கள். கப்பலை வெட்டிப் பிரித்துக் கடன் அடைக்கும் ஹார்ட்ஸ்பேஸ் ஷிப்பிரேக்கர் 2022இல் முழு வெளியீடு கண்டது. தண்ணீர் பீய்ச்சி அழுக்கு கழுவும் பவர்வாஷ் சிமுலேட்டருக்கு டூம் ரைடரும் ஃபைனல் ஃபேன்டசியும் தங்கள் உலகத்தைக் கழுவக் கொடுத்தன. எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்ப்பதை மட்டுமே வைத்து 2013இல் ஒரு தனி ஆள் செய்த ஆட்டத்தை இன்னும் பாடமாக நடத்துகிறார்கள். லாரி ஓட்டும் ஆட்டத்துக்கு இருக்கும் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், நம் நண்பர் பட்டியலிலேயே எட்டுப் பேர் தினமும் இரவு ஜெர்மனிக்குச் சரக்கு ஏற்றுகிறார்கள்.

"உரிமம் தர மாட்டாங்க." தர மாட்டார்கள்தான். "பழைய குடியரசு" என்ற பழைய ஸ்டார் வார்ஸ் ஆட்டத்துக்கு ரசிகர்கள் செய்த மறுஆக்கம் ஒன்று 2018இல் வக்கீல் கடிதத்தோடு நின்றது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெயரை மாற்றி வேறு பாலைவனத்தில் வைத்துச் செய்யலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் கடைசி விதி போய்விடும்.

அந்தக் கடைசி விதியைத்தான் யாரும் கேட்கவே இல்லை.

ஒவ்வொரு டிராய்டுக்கும் ஒரு நினைவு அட்டை உண்டு, 20 அட்டையிலிருந்து ஒன்று, கவிழ்த்தபடி. நினைவைத் துடைத்தால் கூடுதல் விலை. துடைக்காவிட்டால் டிராய்டு முரண்டு பிடிக்கும், சிலது ஓடியே போகும். அந்த இருபதில் ஒன்று, படம் பார்த்த எல்லாருக்கும் தெரிந்த, இளவரசி உதவி கேட்டு அனுப்பும் செய்தி. துடைக்கலாமா கூடாதா என்று உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஜாவாவுக்கு அது இரண்டு காசு.

பிறகு பேரேடு. பண்ணைக்காரர்கள் கடனுக்குத்தான் வாங்குவார்கள், பிறகுதான் தருவார்கள். அதனால் எந்த டிராய்டு எந்தப் பண்ணைக்குப் போனது என்று எழுதி வைத்தே ஆக வேண்டும். எழுதாத கடன் வராது. கடைசி இரவில் அந்தச் செய்தியைத் தேடி வரும் பேரரசின் படைவீரர்கள், வெள்ளைக் கவசக்காரர்கள், வண்டியை நிறுத்துவார்கள். படத்தில் அது இரண்டு நிமிடம். மணலில் ஜாவாக்களின் உடல்கள், புகையும் வண்டி, கதாநாயகன் லூக் பதறிப்போய்த் தன் வண்டியில் பண்ணைக்கு விரைவான். யாரிடம் விற்றார்கள் என்ற தகவல் அந்த வண்டியிலிருந்துதான் போயிருக்கிறது. அங்கே எரிந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடையாது. நாம் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஒளிவாள் எப்போது வரும் என்று காத்திருக்கிறோம்.

அவள் ஆட்டத்தில், அந்த இரவு பேரேட்டைக் கிழித்துப்போடலாம். கிழித்தால் பண்ணைகள் தப்பும், உங்களுக்கு வர வேண்டிய அத்தனைக் கடனும் போகும். கிழிக்காவிட்டால் நீங்கள் உங்கள் கையெழுத்தில் எழுதிய ஒவ்வொரு பெயரையும் அவர்கள் வாசிப்பார்கள்.

"இவ்வளவு கோபம் எதுக்கு, ஒரு பொம்மை ஆட்டத்துக்கு?" என்று உள்பெட்டியில் கேட்ட நண்பருக்கு. 2023 ஆகஸ்டில் ஒன்-நார்த்தில் லூகாஸ்ஃபிலிமின் சிறப்புக்காட்சிப் பிரிவை மூடப் போவதாக அறிவித்தபோது முந்நூறு பேருக்கு மேல் வேலை போனது. அந்த விண்மீன் மண்டலத்தை இழைத்து இழைத்துச் செய்த கைகள் இந்த ஊரில் இருந்தன. அவர்களிடம் யாரும் "உனக்கு என்ன ஆட்டம் தோணுது?" என்று கேட்டார்களா என்று தெரியாது. இங்கே ஒரு பத்தொன்பது வயசுக்காரி யாரும் கேட்காமலே எழுந்து சொன்னாள். அவளிடமும் ஒளிவாள் எங்கே என்றுதான் கேட்டோம். நானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மைக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அட்டை அளவு கேட்டவர்களுக்கு: சாதாரண சீட்டுக்கட்டு அளவுதான். ஏ4 தாளில் ஒன்பது வரும், 40க்கு ஐந்து தாள். பின்பக்கம் நிழல் தெரியாத கெட்டித்தாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிச்சத்தில் பழுது தெரிந்துவிடும். முதல் தடவை அவளுக்கு அதுதான் நடந்தது. நினைவு அட்டை 20 தனி.

கவசக்காரர்கள் எந்த இரவு வருவார்கள் என்பதில் மட்டும் அவள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நாள் முன்கூட்டியே தெரிந்தால் எல்லாரும் அதற்கு முந்தின நாள் கடனை வசூலித்துவிட்டுக் கிழித்துவிடுகிறார்கள். பகடையில் விட்டால் சில சமயம் மூன்றாம் நாளே வந்து ஆட்டம் முடிந்துவிடுகிறது. பத்தாம் இரவுக்குப் பிறகு மட்டும் பகடை உருட்டலாம் என்றேன். "பத்து நாளைக்கு யாரும் பயப்பட மாட்டாங்களேண்ணா" என்றாள். யாருக்காவது வேறு வழி தோன்றினால் கீழே எழுதுங்கள், அவள் படிக்கிறாள்.