துப்பாக்கியைப் பிடுங்கினானாம்!

போன மாதம் தேரோட்டக் கூட்டத்தில் ஓர் எஸ்.ஐ.யின் பக்கத்தில் அரை மணி நேரம் நசுங்கி நின்றேன். அவர் இடுப்பிலிருந்த பிஸ்டலின் பிடி என் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. உறையின் மூடி திறந்து கிடந்தது. பிடியிலிருந்து பெல்ட்டுக்குப் போன கயிறு ஒன்றுதான் காவல். அந்தக் கயிறு வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. வெப்லி ரிவால்வரின் பிடிக்கு அடியில் இதற்கென்றே ஒரு வளையம் இருக்கும். கை தவறினாலும் சரி, எவனாவது இழுத்தாலும் சரி, துப்பாக்கி ஆளை விட்டுப் போகாது.

துப்பாக்கியைப் பறிகொடுக்காமல் காப்பதை அமெரிக்காவில் போலீஸாருக்குத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். 1970களில் கான்சாஸ் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் ஜிம் லிண்டெல் வகுத்த முறை அது. உறையில் ஒருவன் கை வைத்தால் பதறி உருவக் கூடாது. அவன் கையோடு சேர்த்துத் துப்பாக்கியை உறைக்குள்ளேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வெடுக்கென்று திருப்ப வேண்டும். கை பலத்தைவிட உடம்பின் எடைதான் பேசும். அங்கே பல உறைகளிலும் பூட்டு உண்டு. ஒரு வகையில், கட்டைவிரலால் மூடியைக் கீழே அமுக்கி முன்னால் தள்ளினால்தான் துப்பாக்கி வெளியே வரும். அணிந்தவருக்குப் பழகிய அசைவு. பின்னாலிருந்து இழுப்பவனுக்கு அது எளிதில் பிடிபடாது.

இங்கேயோ ஒவ்வொரு என்கவுன்ட்டருக்குப் பிறகும் அதே வசனம்: “துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டான், தற்காப்புக்காகச் சுட்டோம்.” 2019 டிசம்பர் 6 விடியற்காலை, ஹைதராபாத் அருகே சட்டான்பள்ளியில், பெண் மருத்துவர் ஒருவரின் பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேரைச் சுட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் (சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர், நம்ம டி.ஆர்.கார்த்திகேயனும் அதில் உறுப்பினர்) அந்தக் கதையை நம்பவில்லை. பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. 2020இல் இதே வசனத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட உத்தரப்பிரதேச ரவுடி விகாஸ் துபே விஷயத்தை விசாரித்த கமிஷனோ, போலீஸ் தரப்பை மறுக்கச் சான்று இல்லை என்றது.

சரி, பிடுங்கியது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். கைதியை அழைத்துப்போன அதிகாரியின் உறை பூட்டியிருந்ததா? கயிறு எங்கே? பறிகொடுக்காமல் இருக்கக் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தார்? தொலைக்காட்சி விவாதங்களில் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் ஒன்று கதை உடையும், இல்லையென்றால் துறையின் லட்சணம் வெளியே வரும்.

அன்றைக்குத் தேர் நகர்ந்ததும், “சார், உறை திறந்திருக்கு” என்றேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “பட்டன் பிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு தம்பி.”