தம்பி கேட்ட அந்தச் சின்ன ரிசார்ட் பிளான்

போன வாரம் கும்பகோணத்திலிருந்து தம்பி போன் செய்தான். பெட்ரோல் பங்க்கில் ஏதோ கூப்பன் எழுதிப் போட்டிருக்கிறான். பரிசு விழுந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலுக்குக் கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முன்னாலேயே பணம் கட்டிவிட்டு வருடா வருடம் ரிசார்ட்டில் தங்குகிற மெம்பர்ஷிப் அது. பிளான் விவரமும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "பெரிய பிளான்லாம் இல்லக்கா, சின்னதுதான். வருஷத்துக்கு அறுபது பாயின்ட். நீதான் வச்சிருக்கியே, எடுக்கலாமா?" என்றான். எங்கள் வயலில் அறுப்பு மெஷின் நின்றுகொண்டிருந்த நேரம் அது. அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். இதே கூப்பனோடு இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே ஒரு கிராமத்தில். எனக்குப் பள்ளிக்கூட வேலை, அவருக்கு பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர் நிலம், கொஞ்சம் தென்னை. 2017 செப்டம்பரில் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போய்த்தான் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். அந்த மூன்று மணி நேரம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. என் பையனுக்கு அப்போது ஆறு வயது. அவனை விளையாட ஒரு மூலைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எங்கள் எதிரே உட்கார்ந்த பிள்ளை நல்ல மாதிரிதான், "அம்மா, அம்மா" என்று மரியாதையாகப் பேசினான். ஒரு வெள்ளைத்தாளில், அடுத்த இருபது வருடத்தில் ஹோட்டல் அறைக்கு நாங்கள் எவ்வளவு செலவழிப்போம் என்று எழுதிக் கூட்டிக் காட்டினான். வருடம் ஏழு நாள் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குப் போட்ட கணக்கு அது. அதுவரைக்கும் நாங்கள் வேளாங்கண்ணி, பழனி தவிர எங்கும் ராத்தங்கல் போட்டதே கிடையாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ கையெழுத்துப் போட்டதும் மணி அடித்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். இன்றைக்கே எடுத்தால்தான் இந்த விலை என்றார்கள். வரியோடு சேர்த்து 2,83,200 ரூபாய். 43,200 கட்டிவிட்டு மீதியை 36 மாதத் தவணையாகப் போட்டுக்கொண்டு வந்தோம்.

சரி, இந்தப் புள்ளி விவகாரம் எப்படி நடக்கிறது? நிறுவனம் ஒரு தொகையை முன்னாலேயே வாங்கிக்கொள்ளும். பத்து வருடமோ இருபத்தைந்து வருடமோ, வருடா வருடம் நம் கணக்கில் இத்தனை புள்ளி என்று வரவு வைக்கும். அறை எடுக்கும்போது புள்ளி கழியும். 1960களில் ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு தொடங்கியபோது, ஒரு விடுதியைப் பலர் வாரக் கணக்கில் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1974இல் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் வந்த பிறகு ஒரு ஊரில் இருக்கும் வாரத்தைக் கொடுத்து வேறு ஊரில் தங்கலாம் என்று ஆனது. வாரம் என்று இருந்தபோது, கையில் இருந்தது ஒரு தேதி. புள்ளியாக மாறியபோது வசதி கூடியது உண்மைதான், இரண்டு நாள், மூன்று நாள் என்று பிரித்து எடுக்கலாம். ஆனால் தேதி கையை விட்டுப் போய்விட்டது. ஒரு புள்ளி எத்தனை நாளுக்குத் தாங்கும் என்பதைக் காலண்டர்தான் முடிவு செய்கிறது.

தம்பிக்கு வந்த காகிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். 3 லட்சம், 18 சதவீதம் வரி சேர்த்து 3,54,000. பத்து வருடம், வருடத்துக்கு 60 புள்ளி. பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு வரியோடு 17,700. ஆள் வராத சீசனில், வார நாளில், சின்ன அறைக்கு ஒரு இரவுக்கு 6 புள்ளி. மே மாதம் அதே அறைக்கு 15 புள்ளி. இப்போது போட்டுப் பார்ப்போம். 3,54,000 ரூபாயைப் பத்தால் வகுத்தால் 35,400, பராமரிப்பைச் சேர்த்தால் வருடத்துக்கு 53,100. ஜூலை மாத வார நாளில் போனால் பத்து இரவு கிடைக்கும், இரவுக்கு 5,310. மே மாதம் போனால் நாலே இரவு, இரவுக்கு 13,275. சாப்பாடு தனி. அந்தப் பணம் பேங்க்கில் கிடந்தால் ஆறரை வட்டிக்கு முதல் வருடமே 23,000 ரூபாய் வரும். அதை நான் சேர்க்கவே இல்லை. பராமரிப்பும் அதே இடத்தில் நிற்காது. எங்களுக்கு 10,620 ரூபாயில் தொடங்கியது, இந்த வருடம் 18,200 கட்டச் சொல்லி வந்திருக்கிறது. அதே வேகத்தில் ஏறினால் தம்பி பத்தாவது வருடம் 32,500 ரூபாய் கட்டுவான், அதே 60 புள்ளிக்கு.

"சின்னதுதானே" என்கிறான். எனக்கு அடிவயிற்றைப் பிசைகிற வார்த்தை அதுதான். சின்ன பிளானில் ஒரு புள்ளிக்கு விழும் பராமரிப்பு அதிகம். அவன் அனுப்பிய காகிதத்திலேயே இருக்கிறது, 120 புள்ளிக்காரருக்கு 26,000, அதாவது புள்ளிக்கு 217 ரூபாய். 60 புள்ளிக்காரருக்கு 295. அதோடு, சின்ன பிளானில் நல்ல சீசனில் இரண்டு அறை எடுத்தால் இரண்டே இரவுதான். அம்மா, பிள்ளைகள் என்று ஆறு பேர் கிளம்பினால் ஒரே அறையில் அடைய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடப் புள்ளியை முன்கூட்டியே எடுக்கலாம் என்பார்கள். நாங்கள் ஒரு தடவை அப்படிச் செய்தோம். விதைநெல்லைக் குத்திச் சமைத்த மாதிரி ஆனது, அடுத்த வருடம் கையில் ஒன்றும் இல்லை. அப்புறம் ரிசார்ட்டுக்குப் போன இடத்தில் காலை டிபனுக்கு உட்கார வைத்து, "இது பத்தாது சார், அப்கிரேட் பண்ணிக்கோங்க" என்று இன்னொரு வெள்ளைத்தாள் வரும். சின்ன பிளானை விற்பதே இந்த இரண்டாவது தாளுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

இனி எங்கள் காலண்டர். சம்பா அறுவடை தை, மாசி வரை போகும். அதன்பின் உளுந்து, பயறு, அதை எடுக்கச் சித்திரை ஆகிவிடும். காலாண்டு விடுமுறையில் போகலாமா என்றால் அது விதைப்பும் களையுமாக இருக்கிற நேரம், பூஜை விடுமுறை என்று ரிசார்ட்டிலும் புள்ளி கூடுதல். அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு வரும், புள்ளி உச்சத்தில் இருக்கும். மிஞ்சுவது மே. அதிலும் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டு ராத்தங்கல் கிடையாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று வைத்து அதற்குள் திரும்பிவிடலாம் என்றாலும் அந்தத் தேதியும் நிலையில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28. எல்லாவற்றையும் கழித்தால் வருடத்தில் எங்களுக்கென்று மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு நாள். தமிழ்நாட்டில் பிள்ளைகள் படிக்கிற எல்லா வீட்டுக்கும் அதே நாட்கள்தான்.

எங்கள் பிளானில் 90 நாளுக்கு முன்னால் புக்கிங் திறக்கும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. வீட்டுக்குள் சிக்னல் இருக்காது என்பதால் பிப்ரவரிப் பனியில் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் ஒரு போன், நான் ஒரு போன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்து பார்த்தால் 12.04. கொடைக்கானல் இல்லை, ஊட்டி இல்லை, மூணாறு இல்லை. காத்திருப்புப் பட்டியல் என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். கடைமடைக்காரர்களுக்கு இது புதிதில்லை. மேட்டூரில் திறந்துவிட்டார்கள், கல்லணையில் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் பூத் தூவுவார்கள், நம் வாய்க்காலில் வெடிப்புதான் இருக்கும். காகிதத்தில் நமக்கும் பங்கு உண்டு. மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சி முடித்தது போக என்ன வருகிறதோ அதுதான் நம் பங்கு. சின்னப் புள்ளிக்காரர்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். பெரிய பிளான்காரர்களுக்குச் சில நிறுவனங்களில் புக்கிங்கே சில நாள் முன்னால் திறந்துவிடுகிறது.

2018 மே மாதம் இடம் கிடைக்கவில்லை. டிசம்பருக்குக் கொடைக்கானல் கிடைத்தது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. விடிந்து பார்த்தபோது கொல்லையில் நின்ற நாற்பத்தியிரண்டு தென்னையில் ஐந்துதான் நின்றது. ஓடு முழுக்கப் போய்விட்டது. பதினெட்டு நாள் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் டிசம்பர் புக்கிங்கை ரத்து செய்ய நான் மாமரத்தடியில் நின்று போன் போட்டேன். புள்ளியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிக் கொடுத்தார்கள், அது பெரிய உதவிதான். ஆனால் ஜனவரியில் பராமரிப்புப் பில் வழக்கம்போல வந்தது. தென்னை நிவாரணப் பணம் வருவதற்கு முன்னால் அந்தப் பில் வந்தது. கட்டாவிட்டால் அபராத வட்டி என்று கீழே அச்சடித்திருந்தது. 2020இல் ஊரடங்கு, 2021 மே மாதமும் ஊரடங்கு. புள்ளி காலாவதியானது. பராமரிப்பு மட்டும் தவறாமல் வந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் மூன்று இரவு கொடைக்கானல் போனோம். என் மாமியாருக்கு அப்போது எழுபத்தொரு வயது. காலையில் ஜன்னலைத் திறந்தவர், மேகம் அறைக்குள் வருவதைப் பார்த்து, கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "ஈரமா இருக்குடி" என்றார். ஊருக்கு வந்து ஒரு மாதம் அதையே எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வருடம் அவர் இல்லை. அந்தக் காலை நேரத்துக்கு நான் விலை போடமாட்டேன். ஆனால் அதே மேகம் அந்த ஊரில் வாடகை அறை எடுத்தவர்களின் ஜன்னலிலும் வந்திருக்கும்.

மொத்தக் கணக்கு இது. முதல் எட்டு வருடத்தில் 2,83,200 அசலும், சுமார் 1,09,000 பராமரிப்பும் போயிருக்கிறது. 2019இல் மூன்று, 2023இல் நாலு, 2024இல் நாலு, ஆக பதினோரு இரவு தங்கியிருக்கிறோம். ஒரு இரவுக்கு 35,000 ரூபாய்க்கு மேல். தவணை வட்டி இதில் இல்லை.

இதே ஏற்பாடு நன்றாகப் பயன்படுகிற ஒருவரையும் எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் ஓய்வு பெற்ற தமிழம்மா இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். உறவுக்காரர் ஒருவர் வேண்டாம் என்று கைமாற்றிய 60 புள்ளியை, ஆறு வருடம் பாக்கி இருந்தபோது, மாற்றுக் கட்டணத்தோடு 55,000 ரூபாய்க்கு வாங்கினார். வருடத்துக்கு 9,200, பராமரிப்பு 17,700. அவரும் சாரும் ஜூலையில் அல்லது பிப்ரவரியில், செவ்வாய்க்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்புவார்கள். 60 புள்ளிக்கு வருடத்தில் பத்து இரவு கிடைக்கும், இரவுக்கு 2,700 ரூபாய். அறையில் இருக்கும் சின்ன அடுக்களையில் அவரே சமைத்துக்கொள்கிறார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் வீட்டிலிருந்து போகும். அந்த மாதிரி ஆளுக்கு இது லாபம், மறுக்கவே மாட்டேன். புதிதாக வாங்கினால் முழு விலை, கைமாற்றினால் இவ்வளவு இறங்குகிறது என்பதையும் அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். எங்களுடையதை விற்க நான் கேட்டுப் பார்த்தேன். 2 லட்சம் கேட்டேன், 20,000க்குக் கூட ஆள் வரவில்லை. நிலம் மாதிரி என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் காகிதத்தில் பட்டாவும் இல்லை, பத்திரப் பதிவும் இல்லை. தங்கும் உரிமை மட்டும்தான், ஒரு குத்தகை.

தம்பி, நீ விவசாயி இல்லைதான். ஆனால் மெடிக்கல் ஷாப்பை ஒரே பையனை நம்பி எத்தனை நாள் விடுவாய்? பெரியவள் இந்த வருடம் ஒன்பதாவது, அடுத்து பத்தாவது, பிறகு பிளஸ் டூ. நீயும் மே மாதத்துக்காரன்தான். 2028 மாசியில் மகாமகம், உன் வீடு முழுக்க நம் ஜனம் இருக்கும். இந்தப் பத்து வருடத்தில் உனக்கு வார நாளில் கிளம்புகிற காலம் எது என்று நீயும் உன் மனைவியும் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு பாருங்கள். என் பதில், வேண்டாம். வருடா வருடம் அந்த 53,000 ரூபாயைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வை. தோன்றும்போது நல்ல அறையாகவே எடுத்துப் போங்கள், போகாத வருடம் பணம் உன்னிடமே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போவது என்றால் ஏடிஎம் கார்டு, கிரெடிட் கார்டு எதையும் எடுத்துப் போகாதே. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல். ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டால், எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற வரியை அன்றைக்கே தேடு. எங்களுடையதில் 10 நாள் என்று இருந்தது, நாங்கள் பார்த்தபோது இருபது நாள் ஆகிவிட்டது. ஐரோப்பாவில் 14 நாள் என்று சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியதுதான். ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் இரண்டிலும் அனுப்பு. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் அந்த இரண்டு வருடத்தையும் தயக்கத்திலேயே விட்டுவிட்டோம்.

எங்கள் பிளானில் இன்னும் இரண்டு மே மாதம் பாக்கி இருக்கிறது. இந்த வருடம் காப்பு அவிழ்ப்பது மே 7. ஒன்பதாம் தேதி அறைக்கு பிப்ரவரி 8 ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். உன் வீட்டில் நெட் நன்றாக இருக்கிறது, பாஸ்வேர்டு அனுப்புகிறேன். நீ அங்கே லேப்டாப்பில் உட்கார், நாங்கள் இங்கே திண்ணையில் உட்காருகிறோம். கிடைத்தால் உன் பிள்ளைகளையும் அம்மாவையும் எங்களோடு அனுப்பு.