அந்த அக்கா என்ன சொல்ல வந்தார்?

மூன்று நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி என்னோடு படித்த ஒருவரே சிரிக்கும் பொம்மை போட்டு அதைப் பகிர்ந்திருந்தார். அதற்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

பார்த்தவர்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனி ஒன்றில், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் அக்கா ஒரு பீஸைத் தூக்கிக் காட்டி, "சார், இதை ஒரு நிமிசம் பாருங்" என்கிறார். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன்னைச் செக்கிங் பண்ணத்தான் வெச்சிருக்கு, யோசிக்கிறதுக்கு இல்ல." சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா அந்தப் பீஸை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அவ்வளவுதான் வீடியோ.

மரியாதை இல்லாத பேச்சு என்று பலர் எழுதிவிட்டீர்கள். உண்மைதான். எனக்கு அதற்கு மேலும் ஒன்று சொல்ல இருக்கிறது. அந்த மேனேஜர் தன் லாட்டுக்கு, அதாவது அந்தச் சரக்குத் தொகுதிக்கு, தானே குழி வெட்டிக்கொண்டார். செக்கிங் வேலையே யோசிக்கிற வேலை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பீஸ் கையில் ஏறி இறங்கும் ஒருவருக்கு, எந்த மெஷினில் ஊசி மழுங்கித் துணியில் ஓட்டை விழுகிறது, எந்த ரோலில் நிறத்தின் ஷேடு மாறியிருக்கிறது என்று கண்ணும் விரலும் சொல்லிவிடும். அவர் வாயை அடைத்தால் நஷ்டம் அவருக்கு இல்லை, மேனேஜர்களான நமக்கு.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இதே தப்பை நான் செய்திருக்கிறேன்.

2013. ஆர்டரை ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம். 4,200 பீஸ், சிங்கிள் ஜெர்ஸி, ரவுண்ட் நெக் டி-ஷர்ட். சாயம் போடும் டையிங்கில் நாலு நாள் தாமதமாக்கிவிட்டார்கள். காம்பாக்டிங் முடிந்து துணி வந்து இறங்கும்போது சாயங்காலம் ஐந்து மணி. அன்றைக்கே கட்டிங் போடச் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் ஐம்பது வயது தாண்டியவர். ஒரு ரோலைப் பிரித்து, ஓரத்தை லேசாக இழுத்து விட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரு துண்டை மேசை ஓரத்தில் விரித்து, சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். நடுவில் 50 சென்டிமீட்டர். "கண்ணு, துணியை ராத்திரிக்கு விரிச்சுப் போட்டு வெச்சிரலாம். காலைல இந்தக் கோட்டை அளந்து பார்த்துட்டு வெட்டலாம். இன்னும் இழுத்துட்டேதான் இருக்குது" என்றார்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பனியன் துணி நிட்டிங்கிலிருந்து டையிங், காயவைப்பது வரை நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. காம்பாக்டிங்கில் அதைச் சரிசெய்வார்கள். ஆனால் ரோலாகச் சுற்றும்போது மறுபடி கொஞ்சம் இழுபடும். சுற்றியிருக்கும் வரை அப்படியே நிற்கும். பிரித்துப் போட்டால் லூப் ஒவ்வொன்றும் மெல்லத் தன் நிலைக்குத் திரும்பும். அதற்கு 12 மணி நேரமாவது விட வேண்டும், இழுபடும் நூலான லைக்ரா கலந்தது என்றால் 24. அதற்குள் வெட்டினால் வெட்டும்போது அளவு சரியாக இருக்கும், தைத்து முடித்த பிறகு குறையும்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அப்புறமும் ஏன் கேட்கவில்லை? ஏனென்றால் கட்டிங் ஹெல்பர்கள் நாலு பேர் முன்னால் அவர் என்னைக் "கண்ணு" என்றார். இவர் சொல்லி நான் நிறுத்தினால், இந்தப் பொண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே என்று எனக்குள் ஒரு பயம். அந்தப் பயம்தான் பேசியது. "மாஸ்டர், ஷிப்மென்ட் டேட் உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவர் பதில் பேசவில்லை. சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிங் மேடம்" என்றார். அதற்கு முன் ஒருநாளும் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை மேசை ஓரத்தில் அந்தத் துண்டு அப்படியே கிடந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து டேப்பை வைத்து அளந்தேன். 48. லாட்டில் முக்கால்வாசி அதற்குள் வெட்டி பண்டில் கட்டித் தையலுக்குப் போய்விட்டது. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. துண்டைச் சுருட்டி வேஸ்ட் மூட்டைக்குள் போட்டேன். இதைப் பத்து வருடத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை.

சரக்கு வாங்கும் பையரின் கியூசி, அதாவது தரம் பார்ப்பவர், வந்தார். ஏகியூஎல் என்பது எவ்வளவு குறையை ஏற்கலாம் என்ற அளவுகோல். அது 2.5 என்றால் இந்த அளவு லாட்டுக்கு 200 பீஸ் எடுப்பார்கள். 10 பீஸ் வரை குறை இருக்கலாம், 11 வந்தால் ஃபெயில். முதல் இரண்டு அட்டைப்பெட்டியிலேயே உயரம் குறைந்த பீஸ் 11-ஐத் தாண்டிவிட்டது. புதுத் துணி எடுத்து, மறுபடி வெட்டி, மறுபடி தைத்து, கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினோம். ஆர்டரின் லாபம் அத்தனையும் அந்த விமானக் கட்டணத்தில் போயிற்று. மாஸ்டர் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். என்னைக் கெடுத்தது பையரும் இல்லை, டையிங்காரரும் இல்லை. என் விரலே என் கண்ணைக் குத்தியது.

டி-ஷர்ட் போனால் பணத்தோடு போகும். 2010 மே 22-ஐ நினைத்துப் பாருங்கள். துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம். இறங்கும் முறை தப்பாகிக்கொண்டிருக்கிறது என்று துணை விமானிக்குத் தெரிந்துவிட்டது. 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வாருங்கள் என்று மூன்று முறை சொன்னார். விசாரணை அறிக்கையில் இருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 8 பேர். கேட்டிருந்தால் இன்னொரு சுற்று, கொஞ்சம் எரிபொருள், பத்துப் பதினைந்து நிமிடம். இத்தனைக்கும் பக்கத்து சீட்டில் இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று விமானிகளுக்கு 1980-களிலிருந்தே தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவ்வளவு பயிற்சி இருந்தும் மனசு அடம்பிடிக்கிறது. நமக்கோ அந்தப் பயிற்சியும் கிடையாது.

"எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் சரக்கு எப்போது போகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் கேட்டிருக்கிறேன். டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்த உடனே லைன் நின்றுவிடாது. முதலில் டீம் லீடர் ஓடி வருவார், என்ன என்று பார்ப்பார். அந்த வேலை முடிய வேண்டிய நேரத்துக்குள் தீரவில்லை என்றால்தான் நிற்கும். கேட்பது என்றால் வேலையை நிறுத்துவது என்று யார் சொன்னது? வந்து பார் என்றுதானே அந்த அக்காவும் சொன்னார்? ஒரு நிமிடம் போதும் என்று அவரே கணக்கும் சொல்லிவிட்டார்.

"லேபரும் சும்மா கதை விடுவாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். விடட்டும். ஆபீஸில் யாரும் விடுவதில்லையா? இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

"பொம்பளை மேனேஜர், அதான் இளகிய மனசு" என்று இன்னொருவர். இது வலித்தது. நான் இளகிய மனசால் மாறவில்லை. 4,200 பீஸைத் தொலைத்த பிறகு மாறினேன், அதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே "எனக்குத் தெரியும்" என்று நாக்கு நுனிக்கு இன்றைக்கும் வருகிறது. கையில் இருக்கும் ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறேன். அவர்கள் முடித்ததும், "நீங்க சொல்றது இதுதானுங்களே அக்கா?" என்று திருப்பிச் சொல்லிக் கேட்கிறேன். பாதி நேரம் நான் புரிந்துகொண்டது தப்பாக இருக்கும். "இல்லீங், நான் சொன்னது காலர் பக்கம்" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் எத்தனை லாட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்கள் சொன்னபடி செய்ய முடியாமல் போனால், ஏன் முடியவில்லை என்று போய்ச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

வாய் திறக்காமல் போவது எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே பார்த்தவள் நான். என் அம்மா பனியன் கம்பெனியில் தையலுக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, பிறகு பல வருடம் செக்கிங்கில் நின்றவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் ராத்திரி சோறு போட்டுக்கொண்டே சொன்னார், "கழுத்துப் பட்டி ரிப் துணி மாறிப் போயிருக்குதுன்னு சொன்னேன் சாமி. உன் வேலையைப் பாருன்னுட்டாங்க. இனி நான் எதுக்குச் சொல்றேன்." அதற்கு அப்புறம் அம்மா கம்பெனியைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. சம்பளக் கவர் மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை வரும். அந்தக் கவரில்தான் நான் படித்தேன். படித்துவிட்டுப் போய், என் அம்மா வயதில் இருந்த மாஸ்டரிடம் "உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா" என்று கேட்டேன். இதை நினைத்தால் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

சிரிக்கும் பொம்மை போட்டவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. திட்டி எழுதியவர்களும், மேனேஜருக்குப் பரிந்து எழுதியவர்களும் சேர்த்து ஆயிரம் பேராவது இருப்பீர்கள். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் பீஸில் அக்கா எதைக் காட்ட வந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அவர் கட்டைவிரல் சைடு சீம், அதாவது பக்கத் தையல், மேல் இருக்கிறது. தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். சரியாகத் தெரியவில்லை.

அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், அவர் பெயர்கூட வேண்டாம். அவர் என்ன சொல்ல வந்தார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.