121 தோல்விக்கும் கிரிஃபோல்தான் காரணமா?

சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணி பற்றி ஒரு பதிவு சுற்றி வருகிறது: "2024இல் 121 ஆட்டங்களில் தோற்றதற்கு மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பெட்ரோ கிரிஃபோல் ஒருவரே காரணம். அவரை நீக்கியதும் அணி மீண்டுவிட்டது." இது தவறு.

அந்த சீசனில் அணி 41 வெற்றி, 121 தோல்வி கண்டது உண்மைதான். ஆனால் கிரிஃபோல் ஆகஸ்ட் 8ஆம் தேதியே நீக்கப்பட்டார். அதுவரை 28 வெற்றி, 89 தோல்வி. அப்புறம் இடைக்கால மேனேஜராக வந்த கிரேடி சைஸ்மோர் 45 ஆட்டங்களில் வென்றது 13தான், தோற்றது 32. கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். அதே வேகத்தில் முழு சீசனின் 162 ஆட்டங்களும் ஆடியிருந்தாலும் 115 தோல்வி வந்திருக்கும்!

ஆட்களைப் பாருங்கள். முன்னணி பிட்சர் (பந்து வீசுபவர்) டிலன் சீஸை சீசன் தொடங்கும் முன்பே சான் டியேகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். நன்றாக வீசிக்கொண்டிருந்த எரிக் ஃபெட்டியும் ஜூலை இறுதியில் வேறு அணிக்குப் போய்விட்டார். மொத்தம் எடுத்த ரன்கள் 507, அந்த ஆண்டு லீக்கிலேயே மிகக் குறைவு. பந்தை அடிக்கிறவர்கள் மேனேஜர் இல்லையே.

கிரிஃபோல் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்றது அவர் காலத்தில்தான். 2023இல் அணி 101 ஆட்டங்களில் தோற்றதும் அவர் தலைமையில்தான். ஆனால் இந்த அணியைக் கட்டியதும் கலைத்ததும் நிர்வாகம்.

இந்த எண்களை எம்எல்பி (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) தளத்திலோ பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்திலோ யாரும் சரிபார்க்கலாம். அந்தப் பதிவு வந்தால் தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.