ஜமாபந்தி முடிந்து வாங்க என்றால் சீட் காத்திருக்குமா?

வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்தால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்.

பாமணியாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் காலேஜுக்கு விண்ணப்பம் போடுவது என் கடையில்தான். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆடி பிறக்கிற வரை கடையில் நிற்க இடம் இருக்காது. மார்க் குறைந்து சீட் கிடைக்காத பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அழுவார்கள், நாலு நாளில் தேறிவிடுவார்கள். கையில் வந்த சீட் ஒரே ஒரு தாளால் பறிபோகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் ஒரு பெண். பெயர் வேண்டாம். அப்பா கோயில் நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் போல, குத்தகைக்குப் பார்க்கிறார். படித்தது அரசுப் பள்ளி. என்ஐடி மாதிரி மத்திய அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளில் சேர்வதற்கான ஜேஇஇ மெயின் தேர்வு எழுதினாள், நல்ல ரேங்க். அவளுக்கு ஒரே ஆசை திருச்சி என்ஐடி. தஞ்சாவூரிலிருந்து திருச்சி பஸ் ஏறினால் துவாக்குடியில் ரோட்டோரமே இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலோர சீட் பிடித்துப் பார்த்துக்கொண்டே போவாளாம். அங்கே பாதி இடம் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மத்தியக் கலந்தாய்வின் முதல் சுற்றிலேயே ஓபிசி பிரிவில், அதாவது மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில், அவளுக்கு இடம் வந்துவிட்டது. அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றார்.

மறுநாள் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டியது. ஓபிசி சான்றிதழ் அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இவள் வைத்திருந்தது போன நவம்பரில், ஜேஇஇ விண்ணப்பத்துக்காக அலைந்து வாங்கியது. ஏழு மாதம்தான் ஆகிறது. அதே தாசில்தார் கையெழுத்து, அதே சாதி, அதே ஆறு மா. செல்லாது! புதிதாக ஏற்ற மூன்று நாள் அவகாசம்.

வருமானம் மாறலாம், அதனால் புதுசு கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கேளுங்கள். ஆனால் ஓபிசி சலுகைக்கு வருமான உச்சவரம்பு வருஷத்துக்கு 8 லட்சம், அதில் விவசாய வருமானத்தைச் சேர்ப்பதே கிடையாது. குத்தகைக்காரர் மகள் ஏழு மாதத்தில் எந்தக் கோட்டையைப் பிடித்துவிடப் போகிறாள்?

அந்த மூன்று நாள் எது தெரியுமா? ஜூன் நடு. மேட்டூர் 12-ஆம் தேதி திறந்து, கல்லணையில் தண்ணீர் விட்ட வாரம். தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளை வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை பண்ணுகிற நாட்கள். அன்று ராத்திரியே கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். ஓடிபி அப்பா போனுக்குப் போகும். அவர் நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சேற்றுக் கையோடு பட்டன் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், இரண்டு தடவை நேரம் கடந்துபோய் மூன்றாவது தடவைதான் ஏறியது. காலையில் விஏஓவைத் தேடிப் போனால், "கணக்கெல்லாம் தாலுகா ஆபீஸ்ல இருக்கு, ஜமாபந்தி முடிஞ்சு வாங்க" என்கிறார். அவரைத் திட்டுவதா? இரண்டு கிராமத்துக்கு அவர் ஒருத்தர். அவருக்கு மேலே இருக்கிற வருவாய் ஆய்வாளர் ஆர்ஐயைப் பிடிக்க முடியவில்லை. அதற்கு மேல் தாசில்தார் வேறு.

கடைசி நாள் மதியத்திலிருந்து அவள் என் கடை பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருந்தேன். நிலுவையில், நிலுவையில், நிலுவையில். ஐந்து மணி அடித்தது. சீட் ரத்து, பிரிவு பொது என்று மாறிவிட்டது. பொதுப் பிரிவில் அவள் ரேங்குக்கு அங்கே இடமில்லை. ஓபிசி, பொது என்ற இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது தெரியுமா? 2025-ல் ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறவே ஓபிசிக்கு 79.43 பெர்சன்டைல், பொதுப் பிரிவுக்கு 93.10. (அந்த அட்வான்ஸ்டு தேர்வு இன்றுவரை தமிழில் கிடையாது, ஆங்கிலமும் இந்தியும்தான். அதை எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும்.)

சென்னையில் லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் போகிற பிள்ளைக்கு, ஏப்ரல் பிறந்ததும் புதுச் சான்றிதழ் வாங்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அந்த நேரம் பிளஸ் டூ பரீட்சை முடிந்து பள்ளிக்கூடப் பக்கமே போகமாட்டார்கள். இந்தப் பெண் என்னிடம் வந்ததே ஜூனில், கல்லூரி வரிசை போட. நான் பழைய சான்றிதழின் தேதியை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது.

இவள் ஒருத்தி மட்டுமா? லேமினேட் பண்ணிய மாநில அரசின் பிசி, எம்பிசி கார்டையே மத்தியக் கலந்தாய்வுக்கும் ஏற்றிவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு. ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால் என்று தவிக்கிறவர்கள் தனி.

இந்தப் பிள்ளையின் சாதியும் முகவரியும் அரசாங்க சர்வரிலேயே இருக்கிறது. நவம்பரில் கொடுத்ததை ஏப்ரலில் புதுப்பித்துக் கொடுக்க விஏஓவிலிருந்து தாசில்தார் வரைக்கும் மறுபடி ஏன் ஏற வேண்டும்? ஜேஇஇ எழுதிய பிள்ளைகளை ஏப்ரலில் பள்ளிக்கே வரவழைத்து ஒரு முகாம் போட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடுமே!

இதெல்லாம் போதாதென்று ஊர் வாய். "என்ன, கெடைக்கலியா? இன்னும் கொஞ்சம் கவனமா படிச்சிருக்கலாம்ல" என்று டீக்கடையில் வைத்து அவள் அப்பாவிடமே கேட்கிறார்கள். அவருக்கு விளக்கத் தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் சொல்கிறேன் கேட்டுக்கொள்ளுங்கள்: அவள் படித்தாள். இடமும் வாங்கினாள். படிப்பைப் பற்றி அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

ஆறாவது நாள் குறுஞ்செய்தி வந்தது. சான்றிதழ் ஒப்புதல் ஆகிவிட்டதாம். அவள் அப்பா வயலிலிருந்து நேரே கடைக்கு வந்தார். "தம்பி, வந்துடுச்சு போலருக்கே, இப்ப ஏத்தலாமா?" என்று கேட்டார்.